சிரோசிஸ்ல சதை ஏன் கரையுது, ரத்தம் ஏன் கசியுது

கேள்வி இதுதான், சுருக்கிப் போடுறேன்: அப்பாவுக்கு 58 வயசு, குடியால வந்த லிவர் சிரோசிஸ் (ஈரல் தழும்பாகி சுருங்கிப்போறது), ரெண்டு வருசமா குடிய விட்டுட்டார். வயித்துல நீர் கோத்து ரெண்டு தடவ எடுத்தாச்சு. இப்ப கை, தொடை எல்லாம் குச்சியா போயிருச்சு. ரிப்போர்ட்ல பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) 62,000, ஐஎன்ஆர் (ரத்தம் உறையுறதப் பாக்குற டெஸ்ட்) 1.9. பருப்பு, முட்டை, பால் குடுத்தா புத்திக் குழப்பம் வந்துரும்னு சொந்தக்காரங்க சொன்னதால கஞ்சியும் ரசம் சாதமும்தான். ராத்திரி ஏழரைக்கு சாப்பிட்டுப் படுத்தா காலைல ஏழு மணிக்குத்தான் காப்பி. ரத்தம் தண்ணியா இருக்குன்னு நடக்க விடவும் பயமா இருக்கு. பிளாஸ்மா ஏத்துனா சரியாகுமா, சதை புடிக்க டானிக் ஏதாவது இருக்கா?

உங்க கேள்விய படிச்சதும் நான் முதல்ல பதறுனது அந்த 1.9க்கு இல்ல, அந்தக் கஞ்சிக்குத்தான். குடல், ஈரல் வார்டுல பல வருசமா வேலை பாக்குறேன், வர்ற குடும்பங்கள்ல பாதிப் பேரு உங்க மாதிரியேதான் பயந்து பயந்து சாப்பாட்டைக் குறைச்சு, ஆளைக் கட்டில்லயே படுக்க வச்சு, பாசத்துலதான் பண்றாங்க, ஆனா அந்த ரெண்டுமே அவர இன்னும் கீழ இழுக்குது. மருந்து விசயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான், நான் எழுதுறத வச்சு எதையும் நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். சாப்பாட்டு விசயம் மட்டும் இன்னைக்கு ராத்திரியே மாத்த வேண்டியது, அதனால அத முதல்ல சொல்றேன்.

நல்ல ஈரல் என்ன பண்ணும்னா நம்ம பகல்ல சாப்பிடுறதுல கொஞ்சத்த கிளைக்கோஜனா மாத்தி உள்ள சேத்து வச்சுக்கும், ராத்திரி தூங்கும்போது அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரைய ரத்தத்துல விடும், அதனாலதான் நம்ம பத்து பன்னெண்டு மணி நேரம் சாப்பிடாம இருந்தாலும் ஒண்ணும் ஆகுறதில்ல. சுருங்கிப்போன ஈரல்ல அந்தச் சேமிப்புக்கு இடமே இல்ல. இருக்குற கொஞ்சமும் சீக்கிரமே தீந்துரும். மூளைக்கு சர்க்கரை வேணும், அது காலைல ஏழு மணி காப்பி வரைக்கும் காத்திருக்காது, அதனால உடம்பு தன்னோட சதைய உடைச்சு அந்த புரோட்டீன்ல இருந்து சர்க்கரை தயாரிக்க ஆரம்பிச்சுரும். 1980கள்லயே அளந்து பாத்துட்டாங்க, சிரோசிஸ் உள்ளவங்களுக்கு ஒரு ராத்திரி பட்டினிங்கிறது நல்லா இருக்குறவங்க ரெண்டு மூணு நாள் முழுப் பட்டினி கிடந்ததுக்கு சமம். உங்க அப்பா பதினோரு மணி நேரத்துக்கு மேல இருக்கார், தினமும். தொடை ஏன் கரையுதுன்னா இதுதான் முதல் காரணம்.

இதுக்கு நியூசிலாந்து ஆக்லாந்துல ஒரு ஆய்வு பண்ணி 2008ல வெளியிட்டாங்க, எனக்கு அது ரொம்ப முக்கியமா படும். 103 பேரு, எல்லாருக்கும் ஒரே சத்து பானம், ஒரே 710 கலோரி, ஒரு குரூப்புக்குப் பகல்ல குடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு ராத்திரி 9 மணிக்கு மேல. 12 மாசம் கழிச்சு பாத்தா ராத்திரி குடிச்சவங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு கிலோ சதை கூடியிருந்துச்சு, பகல்ல குடிச்சவங்களுக்கு ஒண்ணும் கூடல. அதே பானம், நேரம் மட்டும்தான் வேற. அதனாலதான் டானிக் கேக்குறவங்ககிட்ட நான் திருப்பித் திருப்பி சொல்றது, பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால் விட்ட சத்துமாவுக் கஞ்சி, இல்ல ரெண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும், அதுதான் டானிக். காலைல எந்திரிச்ச உடனே, பல் விளக்குன கையோட, ஏதாவது சாப்பிடணும், வெறுங்காப்பி இல்ல. பகல்லயும் மூணு நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காலியா இருக்கக் கூடாது. சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் எந்த விரதமா இருந்தாலும் இந்த நிலைமைல அவருக்கு வேண்டாம்.

ஸ்கேன், எண்டோஸ்கோப்பிக்குன்னு ராத்திரியில இருந்தே வெறும் வயித்தோட வரச் சொல்லி, மதியம் வரைக்கும் உக்கார வச்சு, அப்புறம் நாளைக்கு வாங்கன்னு அனுப்புறது ஆஸ்பத்திரிகள்ல நடக்குறதுதான், நான் வேலை பாத்த ஒரு இடத்துலயும் இது நடந்துருக்கு, அத நினைச்சா இன்னைக்கும் மனசு கஷ்டப்படும். அந்த மாதிரி தள்ளிப் போச்சுன்னா அங்கேயே உக்காந்து சாப்பிட வச்சுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கும்போதே இவருக்கு சிரோசிஸ், காலைல முதல் ஆளா போட முடியுமான்னு கேளுங்க, தப்பே இல்ல.

இப்ப புரோட்டீன் பயத்துக்கு வர்றேன். இந்தப் பயம் உங்க சொந்தக்காரங்க கண்டுபுடிச்சது இல்ல, டாக்டர்களே நூறு வருசமா பரப்புனதுதான். 1877ல எக்னு ஒரு ரஷ்ய சர்ஜன் நாய்கள்ல குடல்ல இருந்து வர்ற ரத்தத்த ஈரலுக்குள்ள போக விடாம நேரா பெரிய ரத்தக்குழாயில சேத்து விடுற ஆபரேசன் பண்ணார். அப்புறம் 1893ல பாவ்லவ் குழு, மணியடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும்னு நம்ம பாடத்துல படிச்ச அதே பாவ்லவ்தான், அந்த மாதிரி நாய்களுக்கு மாமிசம் குடுத்தா அதுங்க தள்ளாடி, மயங்கிப் போகுதுன்னு எழுதுனாங்க. அங்கிருந்து வந்ததுதான் ஈரல் நோயாளிக்குப் புரோட்டீன் ஆகாதுங்கிற எண்ணம். அத 2004ல பார்சிலோனால நேரா சோதிச்சு பாத்தாங்க, குழப்பத்தோட வந்து அட்மிட் ஆனவங்கள்ல பாதிப் பேருக்குப் புரோட்டீன் குறைச்சு, பாதிப் பேருக்கு வழக்கமான அளவு குடுத்து. குழப்பம் தெளியுறதுல ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல, ஆனா குறைச்சவங்களுக்கு சதை உடையுறது அதிகமா இருந்துச்சு. நம்ம டெல்லி ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரியில 2016ல வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேல, காய்கறி, பருப்பு வகைப் புரோட்டீனோட நல்லா சாப்பிட வச்சவங்களுக்கு ஆறு மாசத்துல குழப்பம் வர்றதே பாதிக்கும் கீழ குறைஞ்சிருக்கு. அதாவது எதுக்குப் பயந்து பருப்ப நிறுத்துனீங்களோ, அந்தப் பருப்புதான் அதைத் தடுக்குது.

ஏன் அப்படின்னா அம்மோனியா. குடல்ல உண்டாகுற அம்மோனியாவ ஈரல்தான் யூரியாவா மாத்தி சிறுநீர்ல அனுப்பணும், ஈரலால முடியலன்னா அது ரத்தத்துல சுத்தும், மூளைக்குப் போனா ராத்திரி தூக்கம் கெட்டு பகல்ல தூங்குறது, கை நடுக்கம், ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றது எல்லாம் வரும். அப்ப ஈரலுக்கு அடுத்து அந்த அம்மோனியாவ வாங்கிக்கிற இடம் எதுன்னா சதைதான், சதை அத குளுட்டமினா மாத்தி வச்சுக்கும். சதை குறைஞ்சா அம்மோனியாவுக்குப் போக இடம் இல்ல. இதுல இன்னொரு கொடுமை, அந்த அம்மோனியா சதைக்குள்ள போயி மயோஸ்டேட்டின்னு ஒரு பொருளக் கூட்டுது, அது சதை வளர்றத நிறுத்துற பிரேக். கிளீவ்லண்ட் கிளினிக்ல ஸ்ரீனிவாசன் தசரதி குழு 2013ல இத விளக்குனாங்க. ஆக சதை குறைஞ்சா அம்மோனியா கூடும், அம்மோனியா கூடுனா சதை குறையும். குடிச்சு வந்த சிரோசிஸ்ல இது இன்னும் மோசம், ஏன்னா சாராயம் தனியாவே சதையத் தின்னிருக்கும். உங்க அப்பா விட்டது ரொம்பப் பெரிய விசயம், அத அவர்ட்ட வாய்விட்டு சொல்லுங்க.

எவ்வளவு குடுக்கணும்னா ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன். அந்த எடை வயித்துத் தண்ணியக் கழிச்ச எடை, தண்ணி நடுத்தரமா இருந்தா 10 சதவீதம், ரொம்ப இருந்தா 15 சதவீதம் கழிச்சுக்கணும். மெசின்ல 64 கிலோ காட்டுச்சுன்னா அவரோட சொந்த எடை 58 பக்கம்னு வச்சுக்கோங்க, அப்ப தினம் 70 கிராமுக்கு மேல வேணும். கஞ்சியும் ரசமும் மட்டும்னா 20 கிராம்கூட தேறாது. நான் எங்க வார்டுல வீட்டுக்காரங்களுக்குச் சொல்றது இப்படித்தான்: காலைல எந்திரிச்சதும் ஒரு டம்ளர் பால், டிபனுக்கு மூணு இட்லி, கெட்டியா பாசிப்பருப்பு சாம்பார், ரெண்டு முட்டை வெள்ளை, பதினோரு மணிக்கு ஒரு கை பொட்டுக்கடலை இல்ல உப்பு கம்மியா சுண்டல், மதியம் சாதத்தக் குறைச்சு பருப்பக் கூட்டி ஒரு துண்டு மீனோ கோழியோ, சைவம்னா சோயா, கூட ஒரு கிண்ணம் தயிர், சாயங்காலம் திரும்ப பால், ராத்திரி தோசையோட முட்டையோ பன்னீரோ, பத்து மணிக்கு அந்தச் சத்துமாவுக் கஞ்சி. கூட்டிப் பாத்தா 80 பக்கம் வந்துரும். ஒரே நாள்ல ஏத்தாதீங்க, ஒரு வாரத்துல மெதுவா ஏத்துங்க. பருப்பும் தயிரும் மாமிசத்தவிட குழப்பத்துக்கு நல்லா ஒத்துக்குது, அதனால குழப்பம் வந்துபோன ஆளா இருந்தா அங்கிருந்து ஆரம்பிங்க. சுகர் இருந்தா, கிட்னி கெட்டிருந்தா இந்தக் கணக்கு மாறும், டயட்டீசியன்ட்ட உக்காந்து போட்டுக்கோங்க. தண்ணிக்கு அளவு சொல்லியிருந்தா பாலும் கஞ்சியும் அந்த அளவுக்குள்ள வரணும்.

உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராம், அவ்வளவுதான், அப்பளம் ஊறுகாய் கருவாடு இதெல்லாம் வேண்டாம். ஆனா உப்பே இல்லாம சமைச்சுப் போட்டு அவர் தட்ட ஒதுக்கி வைக்கிற நிலைமைக்குக் கொண்டு போகாதீங்க, எலுமிச்சை, சீரகம், மல்லி, மிளகு போட்டு ருசி கொண்டு வாங்க. லாக்டுலோஸ்னு மலத்த இளக்குற சிரப் எழுதியிருந்தா தினம் ரெண்டு மூணு தடவ இளகலா போகுற அளவுக்கு வச்சுக்கணும், ஆறு ஏழு தடவ போனா உடம்புல நீர் வத்தி அதுவே குழப்பத்தக் கொண்டு வரும்.

ஆல்புமின் பவுடர்னு மெடிக்கல் ஷாப்ல விக்கிறதப் பத்தியும் நிறைய பேர் கேக்குறாங்க. ரத்தத்துல ஆல்புமின் குறைஞ்சது அவர் சாப்பிடலங்கிறதால மட்டும் இல்ல, அத செய்யுற ஈரல் கெட்டதால. அந்த பவுடர் வெறும் முட்டைப் புரோட்டீன், முட்டையே அதவிட மலிவு. வயித்துல 5 லிட்டருக்கு மேல தண்ணி எடுக்கும்போது ஊசியில ஏத்துற ஆல்புமின் வேற விசயம், அது ரத்த ஓட்டம் படுத்துராம இருக்க, அது சாப்பாடு ஆகாது.

சரி, ரத்தம்.

எங்க ஊர்ப் பக்கம் கண்மாய் மடை அடைச்சுக்கிட்டா தண்ணி என்ன பண்ணும், ஏறி ஏறி கரையில பலவீனமான இடத்தப் பாத்து உடைச்சுக்கிட்டுப் போகும். அதேதான். குடல், மண்ணீரல்ல இருந்து வர்ற ரத்தம் பூரா போர்ட்டல் குழாய் வழியா ஈரலுக்குள்ள போகணும், ஈரல் தழும்பாகி கல்லா போனதால போக முடியல, அழுத்தம் ஏறுது, அப்ப ரத்தம் உணவுக்குழாய், இரைப்பையில இருக்குற மெல்லிசான சின்ன ரத்த நரம்புகள் வழியா சுத்திப் போகப் பாக்குது, அதுங்க வீங்கி, ஒரு நாள் கிழியுது. இந்த அழுத்தம் சாதாரணமா 5க்குள்ள இருக்கணும், 10 தொட்டா நரம்பு வீங்க ஆரம்பிக்கும், 12க்கு மேல போனா வெடிக்கலாம். கவனிங்க, இதுல ரத்தம் கெட்டியா தண்ணியாங்குற பேச்சே வரல. சிரோசிஸ்ல உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவுல பெரும்பாலானது அழுத்தத்தால வர்றது. அந்த மாதிரி ஒரு தடவ வெடிச்சா இப்ப இருக்குற நல்ல சிகிச்சையிலயும் ஆறு வாரத்துக்குள்ள ஆறு ஏழு பேர்ல ஒருத்தர நாங்க இழக்குறோம்.

அப்ப அந்த 1.9? ஐஎன்ஆர்ங்கிறது ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு டோஸ் சரியா இருக்கான்னு பாக்க வந்த டெஸ்ட். ரத்தத்த உறைய வைக்கிற பொருள்கள்ல சிலத மட்டும்தான் அது அளக்குது. ஆனா ஈரல் உறைய வைக்கிற பொருளையும் செய்யுது, உறையாம தடுக்குற பொருளையும் செய்யுது, புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் எல்லாம் அங்கதான் தயாராகுது. ஈரல் கெட்டா ரெண்டு பக்கமும் குறையும். இதுல ஐஎன்ஆர் ஒரு பக்கத்து நஷ்டத்த மட்டும் காட்டி பயமுறுத்துது. பிளேட்லெட் குறைஞ்சா அதுக்கு ஈடா பிளேட்லெட்ட ஒட்ட வைக்கிற வான் வில்லிபிராண்ட் காரணி கூடுது. மிலானோல டிரிபோடி குழு 2005ல இத முழுசா அளந்து காட்டுனாங்க, ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பாத்தா சிரோசிஸ்காரங்க ரத்தமும் மத்தவங்க ரத்தமும் உறையுற திறன்ல கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு. அதனால 1.9ங்கிறது அவரோட ஈரல் எவ்வளவு பலவீனமா இருக்குன்னு சொல்ற எண், நாளைக்கு ரத்தம் வருமான்னு சொல்ற எண் இல்ல.

இன்னொண்ணு, ரத்தம் தண்ணியா இருக்கு, அதனால கட்டி வராதுன்னு நினைக்காதீங்க. அந்த சமநிலை ரொம்ப மெல்லிசு, காய்ச்சல், கிருமி, கிட்னி கோளாறுன்னு ஒண்ணு வந்தா எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயும். போர்ட்டல் குழாயிலயே ரத்தக்கட்டி வர்றத நாங்க வாரா வாரம் ஸ்கேன்ல பாக்குறோம், காலு நரம்புலயும் வரும், அதுவும் படுத்தே கிடக்குறவங்களுக்கு.

பிளாஸ்மா கேட்டீங்க. ரத்தம் வராதப்ப எண்ண சரி பண்ண பிளாஸ்மா ஏத்துறதுல பிரயோஜனம் இல்ல, கெடுதல் உண்டு. ஐஎன்ஆர் கொஞ்ச நேரத்துக்கு 1.6, 1.7ன்னு இறங்கும், மறுநாள் பழையபடி ஏறிரும், ஆனா நீங்க ஏத்துன அந்த முக்கா லிட்டர், ஒரு லிட்டர் திரவம் எங்க போகும், அடைபட்ட அதே கண்மாய்க்குத்தான். அழுத்தம் ஏறி இல்லாத கசிவ வரவழைக்கும். வயித்துத் தண்ணி எடுக்குறதுக்கோ எண்டோஸ்கோப்பில வீங்கின நரம்புக்கு ரப்பர் பேண்ட் போடுறதுக்கோ 62,000 பிளேட்லெட்டே போதும், பிளாஸ்மா ஏத்தாம பண்றதுதான் இப்ப வழக்கம். ரத்தம் ஏத்துறதுலயும் இதே கதைதான். 2013ல பார்சிலோனால வாய் வழியா, மலம் வழியா ரத்தம் போன 921 பேர்கிட்ட பண்ண ஆய்வுல ஹீமோகுளோபின் 7க்குக் கீழ போனா மட்டும் ரத்தம் ஏத்துன குரூப்புல 95 சதவீதம் பேர் ஆறு வாரம் தாண்டி உயிரோட இருந்தாங்க, 9க்குக் கீழ போனதுமே தாராளமா ஏத்துன குரூப்புல 91. அதனால ஆஸ்பத்திரில இன்னும் ஒரு பாட்டில் போடுங்கன்னு சண்டை போடாதீங்க. வைட்டமின் கே ஊசி மட்டும் டாக்டர்ட்ட கேட்டுப் பாக்கலாம், பல நாள் சாப்பாடு சரியில்லாத ஆளுக்கு அது குறைஞ்சிருக்க வாய்ப்பிருக்கு, உங்க அப்பா அந்தக் கணக்குல வருவார். அதுல ஐஎன்ஆர் இறங்குனா நல்லது, இறங்கலன்னா அது ஈரலோட உற்பத்திக் குறைவு, ஊசிய தொடர வேண்டியதில்ல.

ரத்தக்கசிவத் தடுக்குறது அழுத்தத்தக் குறைக்கிறதுலதான் இருக்கு. அதுக்கு ரெண்டு வழி, கார்வெடிலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை, இல்ல வீங்கின நரம்புக்கு எண்டோஸ்கோப்பி வழியா ரப்பர் வளையம் போடுறது, பேண்டிங்னு சொல்வாங்க. மாத்திரை எழுதியிருந்தா ஒரு நாளும் விடக்கூடாது, தலை சுத்தல் வந்தாலோ பிபில மேல இருக்குற எண் 90க்குக் கீழ போனாலோ நீங்களா நிறுத்தாம அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லணும். பேண்ட் போட்டா அது ஒரு வாரம் பத்து நாள்ல உதிரும்போது அந்த இடத்துல சின்னதா புண் இருக்கும், அந்தக் காலத்துல முறுக்கு, சீடை, எலும்பு மாதிரி கரடுமுரடா எதுவும் வேண்டாம், குழைஞ்ச சாப்பாடா குடுங்க. குழைஞ்சதுன்னா கஞ்சித்தண்ணின்னு அர்த்தம் இல்ல, பருப்பு கடைஞ்ச சாதம், தயிர் சாதம், முட்டை எல்லாம் குழைஞ்சதுதான்.

இப்பதான் ரெண்டும் சேர்ற இடம். உணவுக்குழாய்ல நரம்பு வெடிச்சா வாந்தில வர்றது கொஞ்சம்தான், மிச்சம் பூரா குடலுக்குள்ள இறங்குது. அந்த ரத்தம் குடல்ல செரிச்சா அதுவும் புரோட்டீன்தான், ஆனா ரொம்ப ஓட்டைப் புரோட்டீன், ஏன்னா ஹீமோகுளோபின்ல ஐசோலியூசின்ங்கிற அமினோ அமிலம் இல்லவே இல்ல. சதை கட்ட எல்லா அமினோ அமிலமும் ஒண்ணா வேணும், ஒரு கல் இல்லன்னா சுவரு எழும்பாது, அப்ப வந்த மிச்சமெல்லாம் வீணாகி அம்மோனியாவா மாறுது. அதனாலதான் ரத்தம் வாந்தி எடுத்த மறுநாளே ஆளு குழம்பிப் போறார். கையில நல்ல சதை இருந்தா அந்த அம்மோனியாவ தாங்கிக்கும். தொடை கரைஞ்ச ஆளுக்குத் தாங்க ஒண்ணும் இல்ல. அழுத்தத்தக் குறைக்க ஈரலுக்குள்ள வலைக்குழாய் வைக்கிறது, டிப்ஸ்னு சொல்ற சிகிச்சை, அதுக்கு அப்புறமும் சதை இல்லாதவங்களுக்குத்தான் குழப்பம் அதிகமா வருது. சதை கரையுறதால நரம்பு வெடிக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி நேர்க்கோடு இல்ல. வெடிச்சா தாண்டி வர்றாரா இல்லையாங்குறதுல சதைக்குப் பெரிய பங்கு இருக்கு.

கீழ விழுறதும் ஒரு ரத்தக்கசிவுக் கதைதான். ராத்திரி பாத்ரூம்ல உக்காந்து எந்திரிக்க முடியாம சாஞ்சு விழுந்து தலையில அடிபட்டு வர்றவங்க உண்டு, 60,000 பிளேட்லெட்டோட மண்டைக்குள்ள கசிஞ்சா அது லேசான விசயம் இல்ல. கைப்பிடி ஒண்ணு போட்டுருங்க, ராத்திரி லைட் எரியட்டும்.

கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதுன்னு அவர் ராத்திரி கத்துறாரா? சிரோசிஸ்ல ரொம்ப சகஜம். இங்கதான் பெரிய ஆபத்தே, ஏன்னா உடனே மெடிக்கல்ல போயி வலி மாத்திரை வாங்குவாங்க. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இந்த வகை எதுவுமே வேண்டாம், வயித்துல புண்ணாக்கி ரத்தம் வர வைக்கும், கிட்னியையும் அடிச்சுப் போட்டுரும். ரெண்டு மருந்து கலந்த மாத்திரைகள்ல இது ஒளிஞ்சிருக்கும், அட்டையப் பின்னாடி திருப்பிப் படிங்க. காய்ச்சல் வலிக்கு பாரசிட்டமால் குடுக்கலாம், நாள் முழுக்க சேத்து 2 கிராமுக்குள்ள, அதாவது 500 மாத்திரை நாலு. சதைப் பிடிப்புக்கு வேற மருந்து இருக்கு, கேட்டா எழுதுவாங்க. அமெரிக்காவுல வெள்ளரி ஊறுகாய்த் தண்ணி ஒரு மடக்கு குடிச்சா பிடிப்போட வலி குறையுதுன்னு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு, அத கேட்டுட்டு நம்ம மாங்கா ஊறுகாய எடுக்காதீங்க, அது எண்ணெயும் உப்பும், இது வேற. ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் சாப்பிடுறவரா இருந்தா தானா நிறுத்தாம ரெண்டு டாக்டரையும் கேளுங்க. சீந்தில் மாதிரி சாறு, பொடி எதுவும் வேண்டாம், சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிச்சவங்க விவரம் நம்ம நாட்டுலயே வெளிவந்துருக்கு, ஏற்கனவே கெட்ட ஈரல்ல அது விளையாட்டு இல்ல.

நடக்கலாமான்னு கேட்டீங்க. நடக்கணும். காலைல, சாயங்காலம், பேசிக்கிட்டே நடக்குற வேகத்துல பத்து நிமிசத்துல ஆரம்பிச்சு அரை மணி வரைக்கும் போகட்டும், நாற்காலில கையக் கட்டி உக்காந்து எந்திரிக்கிறத ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்குப் பத்து தடவ, சுவத்துல கை வச்சுத் தள்ளுறது, அரை லிட்டர் தண்ணி பாட்டில கையில வச்சுத் தூக்குறது, இவ்வளவு போதும். மெக்சிகோல ஒரு சின்ன ஆய்வுல 14 வாரம் பயிற்சியும் சாப்பாடும் சேத்துக் குடுத்தவங்களுக்கு அந்த போர்ட்டல் அழுத்தமே குறைஞ்சுச்சு. மூச்சடக்கித் தம் கட்டி தூக்குற வேலை வேண்டாம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், குடம், ஏன்னா அந்த நிமிசத்துல அழுத்தம் ஏறும், தொப்புள்ல குடலிறக்கம் இருந்தா அதுவும் பெருசாகும். நரம்பு வீக்கம் பெருசா இருந்து இன்னும் பேண்டோ மாத்திரையோ ஆரம்பிக்கலன்னா அத முடிச்சுட்டு பயிற்சிக்கு வாங்க. வெறும் வயித்துல நடக்க விடாதீங்க, சாப்பிடாம நடந்தா சதைய எரிச்சுத்தான் நடப்பார்.

சதை எவ்வளவு போயிருக்குன்னு எடை மெசின் சொல்லாது, தண்ணி ஏற ஏற எடை கூடும், அதுக்குள்ள சதை கரைஞ்சுக்கிட்டே இருக்கும். நாற்காலில கை ஊனாம அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காரச் சொல்லி செல்ஃபோன்ல டைம் பாருங்க, 12 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா காலுல பலம் குறைஞ்சிருக்கு. மேல்கைய நடுவுல டேப்பால அளந்து தேதியோட எழுதி வைங்க, கையில தண்ணி அவ்வளவா கோக்காது, மாசம் ஒரு தடவ அதே இடத்துல. ஆஸ்பத்திரில கைப்பிடி பலம் பாக்குற கருவி இருந்தா கேளுங்க, ஆம்பளைங்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ, பொம்பளைங்களுக்கு 18க்குக் கீழ இருந்தா குறைவு.

இன்னொரு ஏமாத்துற எண் இருக்கு, கிரியேட்டினின். அது சதையில இருந்து வர்ற பொருள், சதை இல்லாத ஆளுக்கு கிட்னி பாதிச்சிருந்தாலும் ரிப்போர்ட்ல 0.7, 0.8ன்னு அழகா வரும். மாற்று ஈரலுக்கு யாரு முதல்லனு வரிசை போடுற மெல்ட் ஸ்கோர்ல கிரியேட்டினினும் ஒரு கணக்கு, அதனால சதை கரைஞ்சவங்க நிஜத்துல இருக்குறதவிட நல்லா இருக்குற மாதிரி ஸ்கோர் காட்டும். ரிப்போர்ட் நார்மல்னு யாராவது சொன்னா, அப்பா கை கால் இப்படி இருக்கே, இத வச்சு கிட்னியப் பாக்க முடியுமா டாக்டர்னு கேளுங்க. மாற்று சிகிச்சைப் பேச்சு வரும்போதும் சதையோட வர்ற ஆளுதான் அந்த ஆபரேசனத் தாங்கி எந்திரிச்சு நடப்பார்.

மலம் தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, நாத்தமா போனாலோ, ரத்தமா இல்ல காப்பித்தூள் மாதிரி வாந்தி எடுத்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. இரும்புச்சத்து மாத்திரையிலயும் கருப்பா போகும், ஆனா சந்தேகம்னா வந்து பாத்துட்டு போறதுதான் சரி. 108க்குப் போன் பண்ணி, எண்டோஸ்கோப்பி வசதி இருக்குற ஆஸ்பத்திரிக்கு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயில எதுவும் குடுக்காம. அங்க போனதும் முதல்ல சிரோசிஸ்ங்கிற வார்த்தைய சொல்லுங்க, அப்பதான் நரம்ப சுருக்குற ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் எண்டோஸ்கோப்பிக்கு முன்னாடியே ஆரம்பிப்பாங்க, எண்டோஸ்கோப்பி 12 மணி நேரத்துக்குள்ள நடக்கணும். ரத்தம் நின்னதும் எப்ப இருந்து சாப்பாடு குடுக்கலாம்னு ரவுண்ட்ஸ்ல நீங்களே கேளுங்க, அந்தக் கேள்வி விட்டுப்போயி நாலு நாள் குளுக்கோஸ் பாட்டில்லயே கிடந்தவங்க இருக்காங்க.

நீங்க எழுதுனதுல ஒண்ணு மட்டும் இல்ல. கடைசியா எண்டோஸ்கோப்பி எப்ப பண்ணாங்க, அதுல நரம்பு வீக்கம் இருக்குன்னு போட்டிருக்கா, கார்வெடிலாலோ புரோப்ரனலாலோ மாத்திரைப் பையில இருக்கா? அந்த ரிப்போர்ட்ல இருக்குற ரெண்டு வரிய அப்படியே எழுதி அனுப்புங்க, எண்டோஸ்கோப்பி பண்ணவே இல்லன்னா இந்த வாரமே தேதி வாங்குங்க. அவருக்கு அடுத்து என்ன பண்ணணும்ங்கிறது ஐஎன்ஆரவிட அதுலதான் இருக்கு.